ஓர் ஆவணம், பல சான்றுகாட்டு முறைகள்: பாலக்காடு – இடுக்கி எல்லைப்பகுதி மொழியாய்வை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஓர் ஆய்வேட்டில் சான்றுகாட்டும் முறை தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றாகவே அமைதல் வேண்டும் என்பது ஆராய்ச்சி நெறிமுறை கற்பிப்போர் வற்புறுத்தும் விதியாகும். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தரும் முறையை மேற்கொண்டவர் அதனையே பின்பற்ற வேண்டும்; அடிக்குறிப்பு முறையை மேற்கொண்டவர் அதனின்று மாறுதல் கூடாது. மேற்கோள் விவரங்களைத் திரட்டி வைத்து, துணைநூற்பட்டியலைத் தாமே அமைத்துத் தரும் ஸோட்டெரோ, எண்ட்நோட், மெண்டலே முதலிய மென்பொருள்கள் இவ்விதியைத் தம் இயக்கத்திலேயே கொண்டுள்ளன. ஓர் ஆவணத்திற்கு ஒரு முறையே தேர்ந்தெடுக்கப்பெறுகின்றது. அத்தேர்வை மாற்றினால் ஆவணத்திலுள்ள மேற்கோள்கள் அனைத்தும் ஒருசேர மாறுகின்றன.

ஆயின், சான்றுகள் ஓரினத்தனவாக அமையாத ஆய்வுகளில் இவ்விதி எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது சிந்தித்தற்குரியது. கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டியுள்ள பகுதிகளின் மொழிநிலையை ஆராய்வோர் இலக்கியம், கல்வெட்டு, அரசு ஆவணம், சட்டம், அகராதி, கள ஆய்வுத் தரவு ஆகிய அனைத்தையும் ஒரே கட்டுரையில் கையாள நேர்கின்றது. அவ்வாய்வுகளை அடிப்படையாகக் கொண்டு, பல சான்றுகாட்டு முறைகளை ஓர் ஆவணத்தில் இணைத்தல் தவறா, தவறன்று எனில் அதற்குரிய நெறி யாது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

2. எல்லைப்பகுதிச் சான்றுகளின் இயல்பு

2.1 இன்று ஒரே மாநிலத்துள் அடங்கும் இப்பகுதிகள் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை ஓராட்சியின்கீழ் இருந்தனவல்ல. பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சிற்றூர் கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தன. இடுக்கி மாவட்டம் 1972இல்தான் உருவாக்கப்பெற்றது. ஆகவே, இப்பகுதிகளின் பழைய செய்திகளைத் தேடுவோர் மலபாருக்கு வில்லியம் லோகனின் கையேட்டையும் (1887), கொச்சிக்குச் சி. அச்சுத மேனனின் கையேட்டையும் (1911), திருவிதாங்கூருக்கு வி. நாகம் ஐயாவின் கையேட்டையும் (1906), டி.கே. வேலுப்பிள்ளையின் கையேட்டையும் (1940) நாடவேண்டியுள்ளது. அரசாணைகளும் அவ்வவ்வரசின் வழக்கப்படியே எண்ணும் நாளும் பெற்றுள்ளன.

2.2 மொழிநிலையும் இத்தகைய பன்மை உடையது. சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் வழங்கும் தமிழ், பாலக்காட்டு அக்கிரகாரங்களின் தமிழ், அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகியோரின் மொழிகள், மறையூர், வட்டவடை ஆகிய ஊர்களின் தமிழ், மூணாறு தேயிலைத் தோட்டங்களின் தமிழ், முதுவர், மன்னான் ஆகியோரின் பேச்சு எனப் பல வழக்குகள் இங்கு உள்ளன. இவற்றுட் சிலவற்றிற்கு விரிவான எழுத்துச்சான்று இல்லை. பேசுவோரின் வாய்மொழியே சான்றாகும்.

2.3 ஒரு சொல்லை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதுவர் தம் குடியிருப்பைக் 'குடி' என வழங்குவர். தேவிகுளம் வட்டத்தில் 2010இல் தனி ஊராட்சியாக அமைக்கப்பெற்ற இடமலைக்குடியின் பெயரிலும் இச்சொல் உள்ளது. இதன் பொருள் வரலாற்றை ஒரு பத்தியில் கூற முற்படுவோர் சங்கப் பாடல்களைப் பாட்டெண்ணாலும் அடியெண்ணாலும், தமிழ் லெக்சிகனைத் தலைச்சொல்லாலும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியைப் பதிவெண்ணாலும், திருவிதாங்கூர்ப் பழங்குடிகளைப் பற்றி எல்.ஏ. கிருஷ்ண ஐயர் எழுதிய நூலைத் தொகுதியாலும் பக்கத்தாலும், ஊராட்சி பற்றிய அரசாணையை எண்ணாலும் நாளாலும், பேச்சுத் தரவைப் பதிவின் குறியீட்டாலும் சுட்டவேண்டும். ஆறு சான்றுகள், ஆறு சுட்டுமுறைகள். உறைவிடத்தைக் குறிக்கும் 'குடி'யும் அருந்துதலைக் குறிக்கும் 'குடி'யும் வேர்ச்சொல் அகராதியில் வெவ்வேறு பதிவுகள். பக்க எண் இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும் என்பதற்கு உறுதியில்லை. பதிவெண் ஐயமறப் பிரித்துக்காட்டும். எனவே, இவ்வேறுபாடுகள் சான்றின் இயல்பிலிருந்து பிறப்பனவேயன்றி எழுதுவோரின் விருப்பத்திலிருந்து பிறப்பனவல்ல என்பது புலனாகும்.

3. 'ஒற்றை முறை' என்னும் கருத்து

3.1 ஒரு முறையையே பின்பற்றுக என்போர் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கனவல்ல. படிப்போர் ஒருமுறை பழகிய அமைப்பைக் கொண்டே கட்டுரை முழுவதையும் பின்தொடரலாம். பதிப்பாசிரியர் பிழைகளை எளிதிற் காணலாம். விடுபட்ட நூல்கள் உடனே தெரியவரும். எனினும், இவர்கள் எடுத்துக்காட்டும் உலகறிந்த முறைகள் தம்மளவில் ஒற்றைத் தன்மை உடையனவா என நோக்குதல் வேண்டும்.

3.2 அமெரிக்க உளவியற் கழகத்தின் முறை ஆசிரியர் – ஆண்டு முறைக்கு முதன்மையான எடுத்துக்காட்டாகும். ஆயினும், சட்டங்களையும் தீர்ப்புகளையும் சுட்டும்போது அக்கழகம் தன் முறையைக் கைவிட்டு, அமெரிக்கச் சட்டத்துறையினர் கையாளும் 'புளூபுக்' விதிகளை மேற்கொள்கின்றது. சிகாகோ நெறிமுறை நூல் அடிக்குறிப்பு முறை, ஆசிரியர் – ஆண்டு முறை என இரண்டினைத் தன்னகத்தே கொண்டுள்ளது. தொன்மையான இலக்கியங்களைப் பக்க எண்ணாலன்றி அந்நூல்களின் உட்பிரிவுகளாலும் அடியெண்களாலும் சுட்டுமாறு கூறுகின்றது. ஆகவே, ஒற்றை முறை எனப்படுவது உண்மையில் பல முறைகளின் தொகுப்பே. அத்தொகுப்பிற்குரிய விதிகள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருத்தலின் அதன் கலப்புத்தன்மை கண்ணிற்குப் புலனாவதில்லை.

3.3 தமிழ்ப் பதிப்புலகமும் இத்தகைய மரபு ஒன்றினை உடையது. நூற்பெயர்ச் சுருக்கம், பாட்டெண், அடியெண் என அமையும் குறிப்புமுறை உ.வே. சாமிநாதையரின் பதிப்புகள் வழியாகவும் அவற்றைத் தொடர்ந்தோர் வழியாகவும் நிலைபெற்றது. 'சிலப். 24' என்ற அளவிலேயே குன்றக்குரவை என்பதைத் தமிழறிந்தோர் உணர்வர். தொல்காப்பிய நூற்பா எண்கள் உரைதோறும் வேறுபடுவதால் 'தொல். சொல். சேனா.' என உரையாசிரியரையும் சேர்த்துக் குறிப்பது வழக்கம். எல்லைப்பகுதி ஆய்வில் திசைச்சொல் பற்றிய எச்சவியல் நூற்பாவைச் சுட்டாதார் அரியர். அதனை மென்பொருளின் ஆசிரியர் – ஆண்டு அமைப்பிற்குள் அவ்வாறே புகுத்தினால், சி.வை. தாமோதரம்பிள்ளை வெளியிட்ட பதிப்பின் ஆண்டைக் கொண்டு 'தொல்காப்பியர் 1868' என்னும் விந்தையான குறிப்புத் தோன்றும். ஆண்டு பதிப்பிற்குரியது, பெயர் நூலாசிரியர்க்குரியது, எண்ணோ உரையாசிரியர்க்குரியது. மூன்றும் ஒன்றாகக் கலந்து படிப்போரைத் திசைதிருப்புகின்றன.

4. மென்பொருளின் உள்ளமைப்பு

4.1 ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் 2006இல் வெளியிட்ட ஸோட்டெரோவும், வேறு பல மென்பொருள்களும் 'மேற்கோள் நடைமொழி' எனத்தக்க ஒரு பொதுக்குறிமுறையைப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு சான்றுகாட்டு முறையும் இக்குறிமுறையில் எழுதப்பட்ட தனிக்கோப்பாக அமைகின்றது. அக்கோப்பின் தொடக்கத்திலேயே அது அடிக்குறிப்பு வகையா, உரையினுள் வரும் வகையா என அறிவிக்கப்பெறுதல் வேண்டும். இரண்டும் ஆம் எனக் கூற இடமில்லை. ஓர் ஆவணத்தில் இருவகைகளையும் மென்பொருள் வழியாகவே இணைக்க இயலாமைக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

4.2 எனினும், அதே கோப்பினுள் நிபந்தனை விதிகள் எழுத இயலும். மேற்கோளுக்குரியது நூலாயின் இவ்வாறு, சட்டமாயின் அவ்வாறு, நேர்காணலாயின் வேறுவாறு என வகைநோக்கி வடிவத்தை மாற்றலாம். 2021இல் வெளிவந்த இக்குறிமுறையின் 1.0.2 என்னும் பதிப்பில் தொன்மையான செவ்விலக்கியங்களுக்கெனத் தனிவகை ஒன்றும் சேர்க்கப்பட்டது. பக்கத்திற்கு மாற்றாக அடி, பத்தி, இயல், தலைச்சொல் ஆகியவற்றைச் சுட்டுதற்கும் இடமுண்டு. எனவே, பயனர் எதிர்கொள்ளும் தடையிற் பெரும்பகுதி மென்பொருளின் இயலாமையால் நேர்வதன்று. ஆயத்தமாகக் கிடைக்கும் பல்லாயிரம் முறைக் கோப்புகளுள் ஒன்றை அப்படியே ஏற்றுக்கொள்வதனால் நேர்வதாகும்.

4.3 மொழிவேறுபாட்டில்தான் மெய்யான குறை உள்ளது. 'மற்றும் பிறர்', 'பதிப்பாசிரியர்', 'தொகுதி' ஆகிய இணைப்புச் சொற்கள் ஆவணம் முழுமைக்கும் ஒரே மொழியில் அமைகின்றன. ஆங்கிலம், மலையாளம், தமிழ் ஆகிய மும்மொழி நூல்களும் ஒரே பட்டியலில் வரும்போது மலையாள நூலுக்கு மலையாளச் சொல்லும் ஆங்கில நூலுக்கு ஆங்கிலச் சொல்லும் இடுதல் பொதுக்குறிமுறையில் எளிதன்று. ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழகத்துச் சட்டத்துறையைச் சேர்ந்த ஃபிராங்க் பென்னட் சட்ட ஆய்வுக்கும் பன்மொழி ஆய்வுக்கும் உருவாக்கிய ஜூரிஸ்-எம் என்னும் மென்பொருளும், அதற்கென விரிவாக்கப்பட்ட குறிமுறையும் நூலின் மொழிக்கேற்ப வடிவத்தை மாற்ற வழி வகுத்தன. அவ்விரிவாக்கம் பொதுக்குறிமுறையின் பகுதியாகாமை பன்மொழிப் பகுதிகளை ஆராய்வோர்க்கு இழப்பேயாகும்.

5. நெறியின்றிக் கலத்தலால் நேரும் பிழைகள்

5.1 பெயர். கொச்சிப் பழங்குடிகளையும் சாதிகளையும் பற்றிய நூலை 1909, 1912 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டவர் பாலக்காட்டு இலட்சுமிநாராயணபுரத்தைச் சேர்ந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர். திருவிதாங்கூர்ப் பழங்குடிகளையும் சாதிகளையும் பற்றிய நூலை 1937 முதல் 1941 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட எல்.ஏ. கிருஷ்ண ஐயர் அவர்தம் மைந்தர். இருவர்க்கும் முதலெழுத்து ஊரையும் இரண்டாம் எழுத்துத் தந்தை பெயரையும் குறிக்கும். குடும்பப்பெயர், இடுபெயர் என இரண்டாகப் பகுக்கும் மென்பொருள் இவ்விருவரையும் 'ஐயர்' என்னும் குடும்பத்தவராக்கி, 'ஐயர் 1909', 'ஐயர் 1937' என வெளியிடுகின்றது. திராவிட மொழியியலார் எல்.வி. இராமசுவாமி ஐயரும் அதே பட்டியலில் இடம்பெறுவாராயின் குழப்பம் மும்மடங்காகும். ஆங்கிலத்தில் இப்பின்னொட்டுப் பலவகை எழுத்துக்கூட்டல் உடையது. வெவ்வேறு முறைகளில் திரட்டிய இரு பட்டியல்களை இணைக்கும்போது ஒருவரே இருவராகவும், இருவர் ஒருவராகவும் மாறுவர். பெயர் முழுவதையும் பகுக்காமல் ஒரே புலத்தில் இடுதலே இதற்குத் தீர்வு. ஸோட்டெரோவில் இவ்வசதி உண்டு.

5.2 ஆண்டு. திருவிதாங்கூர், கொச்சி ஆவணங்களில் கொல்லம் ஆண்டு பயில்கின்றது. திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிவிப்பின் நாளாகிய 1112 துலாம் 27 என்பது 1936 நவம்பர் 12 ஆகும். '1112' என்பதை ஆண்டுப் புலத்தில் அவ்வாறே இட்டால் இருபதாம் நூற்றாண்டு ஆவணம் பன்னிரண்டாம் நூற்றாண்டிற்குரியதாக வரிசைப்படுத்தப்படும். கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில் தொடங்குதலின் 824 கூட்டுவதா 825 கூட்டுவதா என்பது மாதத்தைப் பொறுத்தது. ஆகவே, வரிசைப்படுத்தும் புலத்தில் கிறித்தவ ஆண்டையும், அச்சில் வரும் குறிப்பில் ஆவணத்திலுள்ளவாறே கொல்லம் ஆண்டையும் தருதல் வேண்டும். மூலத்தின் ஆண்டை நீக்கிவிட்டால் ஆவணக்காப்பகத்தில் அதனைத் தேடுவோர் கண்டறிதல் அரிது.

5.3 துண்டித்தல். சிலர் ஓரியலை ஒரு முறையிலும் மற்றோரியலை வேறொரு முறையிலும் எழுதி, மென்பொருளின் தொடர்பைத் துண்டித்துச் சாதாரண எழுத்தாக்கியபின் ஒட்டுவர். அதன்பின் மேற்கோள்கள் திருத்தத்திற்கு உட்படா. ஒரே நூல் இரு பட்டியல்களில் இரு வடிவங்களில் நிற்கும். ஓரிடத்தில் திருத்திய பக்க எண் மற்றோரிடத்தில் பழைய நிலையிலேயே இருக்கும். பல முறைகளை இணைத்தல் என்பதற்கு இதனையே பொருளாகக் கொள்ளுதல் தவறாகும்.

6. தகவலாளியின் இடம்

6.1 மேற்கூறியன பெரும்பாலும் திருத்தத்தக்க பிழைகள். ஒற்றை முறையால் நேரும் பேரிழப்பு வேறொன்று. அமெரிக்க உளவியற் கழக முறையில் நேர்ப்பேச்சாற் பெற்ற தகவல் படிப்போரால் மீண்டும் பெற இயலாதது எனக் கருதப்பட்டுத் துணைநூற்பட்டியலினின்றும் விலக்கப்படுகின்றது. ஆய்வில் பங்குகொண்டோரிடம் எடுத்த நேர்காணலுக்கோ மேற்கோள் குறிப்பே வேண்டா என்பது அதன் விதி. உளவியல் ஆய்விற்கு இவ்விதி பொருந்தலாம். அட்டப்பாடி இருளர் பேச்சையோ முதுவர் பேச்சையோ விளக்கும் கட்டுரைக்கு இது பொருந்துமாறில்லை. அங்கு முதன்மைச் சான்றே பேச்சு. மேலும், அக்கழகத்தின் ஏழாம் பதிப்பே தொல்குடி மக்களின் மரபறிவைச் சுட்டுதற்குத் தனி வழிகாட்டல் தருகின்றது. பொதுவிதி அவர்களுக்குப் போதாது என்பதை அது தானே ஒப்புக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

6.2 இவ்விதியைக் கண்மூடி ஏற்கும் கட்டுரையில், அம்மக்களைப் பற்றிக் காலனியாட்சிக் காலத்தில் பிறர் எழுதிய நூல்கள் பட்டியலில் இடம்பெறும். அம்மக்களின் மொழியைத் தந்தவர் எவ்விடத்தும் இடம்பெறார். தர்ஸ்டனின் நூலில் ஒரு செய்தி எங்குள்ளது என்பதைப் படிப்போர் சரிபார்க்கலாம். ஒரு வினைவடிவம் எந்த ஊரில், எந்த நாளில், எந்தப் பதிவில் கேட்கப்பட்டது என்பதைச் சரிபார்க்க வழியில்லை. பத்தாண்டு கழித்து அவ்வூருக்குச் செல்லும் ஆய்வாளர் மொழிமாற்றம் நிகழ்ந்துள்ளதா, முந்தையவர் தவறாகக் கேட்டாரா என்பதைத் தீர்மானிக்க இயலாது. பேசுவோர் தொகை சிறுத்துவரும் வழக்குகளில் இவ்விழப்பு ஈடுசெய்தற்கரியது.

6.3 மொழியியலாளர் இக்குறையை உணர்ந்துள்ளனர். 2018இல் வெளியான ஆஸ்டின் கோட்பாடுகள் மொழித்தரவு தன்னளவிலேயே மேற்கோளுக்குரிய ஆய்வுப்பொருள் என வலியுறுத்தின. அவற்றைத் தொடர்ந்து 2019இல் வந்த திரொம்சோ பரிந்துரைகள் அத்தரவைச் சுட்டும் வடிவத்தை விளக்கின. இவற்றைப் பின்பற்றி, தகவலாளியின் இசைவுக்கேற்பப் பெயரையோ குறியீட்டையோ தந்து, ஊர், நாள், பதிவு எண், பதிவினுள் நேரம் ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டுதல் ஆசிரியர் – ஆண்டு முறையுடன் முரண்படாது. அதன் அருகில் நிற்கும் இரண்டாம் முறையாக அது அமையும்.

7. மொழிபெயர்ப்பும் சான்றுகாட்டலும்

பாலக்காட்டு எல்லைச் சிற்றூர் ஒன்றைக் களமாகக் கொண்ட ஓ.வி. விஜயனின் 'கசாக்கின்றெ இதிகாசம்' 1969இல் நூலாக வந்தது; ஆசிரியரே ஆங்கிலத்தில் ஆக்கிய வடிவம் 1994இல் வெளிவந்தது; யூமா வாசுகியின் தமிழாக்கம் சாகித்திய அக்காதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. இம்மூன்றையும் ஒப்பிடும் கட்டுரையில் 'விஜயன் 1969', 'விஜயன் 1994' என்பன ஒரே ஆசிரியரின் இரு வேறு நூல்கள் போலத் தோன்றும். தமிழ்ச் சொல்லைத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளரோ மேற்கோளில் தோன்றவேமாட்டார். மொழிபெயர்ப்பாய்வில் சொல்லுக்குப் பொறுப்பானவர் மொழிபெயர்ப்பாளர் ஆதலின், உரைப்பகுதியில் அவர்தம் பெயர் முன்னிற்றல் வேண்டும். முதல் வெளியீட்டாண்டையும் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் தனிப்புலங்களாக ஏற்கும் வசதி மென்பொருளில் உள்ளது. அப்புலங்களை நிரப்பாது விடுவதும், நிரப்பியவற்றை அச்சில் காட்டாத முறைக் கோப்பைத் தேர்வதுமே குறைகள்.

8. இணைத்தற்குரிய நெறி

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகளை வகுக்கலாம்.

(அ) முறை வேறுபாடு சான்றின் வகையைப் பற்றியே அமைதல் வேண்டும். இயலையோ எழுதியவரையோ பற்றி அமைதல் கூடாது. ஒருவகைச் சான்று கட்டுரை முழுவதும் ஒரே வடிவிலேயே சுட்டப்பெறுதல் வேண்டும்.

(ஆ) ஆய்வு நூல்களுக்கும் கட்டுரைகளுக்கும் ஆசிரியர் – ஆண்டு. இலக்கிய, இலக்கண நூல்களுக்கு நூற்பெயர்ச் சுருக்கமும் உட்பிரிவெண்ணும். கல்வெட்டிற்குத் தொகுதியும் கல்வெட்டெண்ணும். அகராதிக்குத் தலைச்சொல் அல்லது பதிவெண். மாநிலச் சீரமைப்புக் குழுவின் 1955ஆம் ஆண்டு அறிக்கை போல்வனவற்றிற்குப் பத்தியெண். அரசமைப்புச் சட்டத்திற்கு உறுப்பெண். பேச்சுத் தரவிற்குப் பதிவுக் குறியீடு எனக் கொள்ளலாம். தொடக்கக்கல்வியைத் தாய்மொழியில் அளித்தல் பற்றிய 350அ உறுப்பைப் பக்க எண்ணால் சுட்டுவதில் பயனில்லை.

(இ) இவ்வேறுபாடுகளை ஒரே முறைக் கோப்பினுள் நிபந்தனை விதிகளாக எழுதுதல் வேண்டும். பல கோப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துதலைத் தவிர்த்தல் வேண்டும். உரையினுள் வரும் வகையைத் தேர்ந்தபின், நீண்ட ஆவணக் குறிப்புகளுக்குச் சொற்செயலியில் அடிக்குறிப்பைத் தாமே தோற்றுவித்து, அதனுள் மென்பொருளின் மேற்கோளை இடலாம். அதனால் தொடர்பு அறுபடாது.

(ஈ) துணைநூற்பட்டியலை முதன்மை நூல்கள், ஆவணங்கள், ஆய்வுகள், தரவுப்பதிவுகள் எனப் பகுத்து, பயின்ற முறைகளை ஒரு சிறு முன்குறிப்பில் அறிவித்தல் வேண்டும். அறிவிக்கப்பட்ட வேறுபாடு படிப்போர்க்குத் துணையாகும். அறிவிக்கப்படாததோ பிழையெனத் தோன்றும்.

9. முடிவுரை

சான்றுகாட்டலின் நோக்கம் கூறப்பட்ட செய்தி பிறந்த இடத்திற்குப் படிப்போரை இட்டுச்செல்லுதலே. செவ்விலக்கியம் முதல் மலைக்குடியின் பேச்சு வரை பரந்துள்ள சான்றுகளை ஒரே அச்சில் வார்க்க முற்படின் அவற்றுட் சில சிதைகின்றன. சில மறைந்தே போகின்றன. மறைவன பெரும்பாலும் எழுத்தில்லா வழக்குகளைப் பேசுவோரின் சொற்களாக இருத்தல் கருதத்தக்கது. எனவே, பல முறைகளை இணைத்தல் குற்றமன்று. விதியின்றி இணைத்தலே குற்றம். அவ்விதியை மென்பொருள் தானே வகுத்துத் தராது. வகுத்துக் கொடுத்தால் வழுவாது பின்பற்றும். தமிழ் மரபிற்கும் பன்மொழி எல்லைப்பகுதிகளின் தேவைக்கும் ஏற்ற முறைக் கோப்பு ஒன்றை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாசிரியரும் கூடி உருவாக்குதல் இன்று செய்தற்குரிய பணியாகும்.